கருணை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

‘கருணை மனு’ என்றால் தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வருவது தூக்குக் கொட்டடி. பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் மனுக்கள் 11 ஆண்டுகள் முடிவில்லாமல் கிடந்த கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அதே சொல்லை, முதலாண்டுத் தேர்வில் புள்ளி குறைந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் இந்நாட்டின் உயர்கல்வி நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பெயரை நீக்கிவிட்டார்களா? ‘மெர்சி அப்பீல்’ போடு என்கிறார்கள்.

மேல்முறையீடு என்றால், எடுத்த முடிவு தவறாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு அதை மறுபடி விசாரிப்பது. கருணை மனு அப்படியல்ல. முடிவு சரி, குற்றம் என்னுடையது, மன்னியுங்கள் என்பது அது. சொல்லிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

2015 ஜூலையில் ரூர்க்கி ஐஐடி 73 மாணவர்களை வெளியேற்றியது. முதலாண்டு முடிவில் அவர்களின் சராசரித் தரப்புள்ளி 5க்குக் கீழே இருந்தது என்பது காரணம். பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. கெஞ்சினார்கள், நிறுவனம் அசையவில்லை. உத்தரகாண்ட் உயர் நீதிமன்றமும் நிறுவனத்தின் விதியில் தலையிட மறுத்தது. பிறகு அதே நிறுவனம் அவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவதாக அறிவித்தது. சில நாட்களுக்கு முன்பு வரை மாற்றவே முடியாததாக இருந்த விதி எப்படி வளைந்தது? அந்தப் பிள்ளைகள் அதற்குள் கால்குலஸ் கற்றுக்கொண்டார்களா என்ன? 73 பேர் ஒன்றாக நின்றார்கள், பத்திரிகைகள் எழுதின, அவ்வளவுதான். ஒவ்வொருவராக அனுப்பியிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

வழக்கமாக ஒவ்வொருவராகத்தான் அனுப்புகிறார்கள். 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு: ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து படிப்பைப் பாதியில் விட்ட எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் 3,542. இதில் எத்தனை பேர் தாமாகப் போனார்கள், எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. ‘இடைநிற்றல்’ என்ற சொல் இருக்கிறதே, அது நிறுவனத்துக்கு மிகவும் வசதியான சொல். நின்றவர் மாணவர், நிறுத்தியவர் யாருமில்லை.

ஆய்வு மாணவி என்பதால் விடுதித் தங்கைகளுக்கு இந்த மனுக்களை எழுத நான் உதவியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். “அக்கா, உடம்பு சரியில்லைன்னு எழுதணுமாம், டாக்டர் சர்ட்டிபிகேட் வேணுமாம்” என்று வருவார்கள். டெங்கு, அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, தாத்தா இறப்பு. இவை எல்லாம் செல்லும். வகுப்பில் கேள்வி கேட்டபோது ஆசிரியர் என் ரேங்க் என்னவென்று திருப்பிக் கேட்டார், அதன்பிறகு நான் வாயே திறக்கவில்லை என்று எழுதினால் செல்லாது. ஆய்வகத்தில் என்னோடு சேர யாரும் முன்வரவில்லை என்பதும் செல்லாது. மனுவை விசாரிப்பவர்கள் பெரும்பாலும் பெயரை நீக்கிய அதே அவையின் ஆட்கள். அவர்களைக் குற்றம் சொல்லும் மனுவை அவர்களிடமே கொடுக்கிற துணிச்சல் பதினெட்டு வயதில் யாருக்கு வரும்? உண்மையான காரணத்தை மறைத்தால்தான் இரக்கம் கிடைக்கும் என்று பழக்கும் இடத்துக்குப் பெயர் கல்விக்கூடம்.

புள்ளியின் கதையும் இருக்கிறது. பல பாடங்களில் ரிலேட்டிவ் கிரேடிங். வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை வைத்து உன் கிரேடு. 100க்கு 40 எடுத்தவர் ஒரு வகுப்பில் தேறுவார். லட்சங்கள் கொட்டிக் கோச்சிங்கில் இதே பாடத்தை ஏற்கெனவே முடித்தவர்கள் நிறைந்த வகுப்பில் அதே 40 அடிமட்டம். இதைத்தான் தகுதி என்கிறார்கள்.

உடனே வரும் கேள்வி தெரியும்: தேறாதவன் கட்டும் பாலத்தில் நீ ஏறுவாயா? தேறாமல் பட்டம் கொடு என்று யார் கேட்டது? தேறுவதற்கு நேரம் கேட்கிறோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறிய பொறியாளர்கள் இன்று உலகம் முழுக்க வேலை பார்க்கிறார்கள். எந்தப் பாலமும் அதனால் விழவில்லை. தமிழ்நாட்டில் அரியர் என்பது டீக்கடை நகைச்சுவை. ஐஐடியில் அதுவே விதிமுறை மரணம்.

மரணம் என்பதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. சேலம் மாவட்டத்தின் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் போன செந்தில்குமார், 2008 பிப்ரவரியில் உயிரை விட்டார். ஒரு பாடத்தில் தேறவில்லை என்று உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. நெறியாளரும் ஒதுக்கப்படவில்லை. அவர் யாரிடம் கருணை மனு போட்டிருக்க வேண்டும்?

டெல்லியின் வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடத்தில் திரும்பத் திரும்பத் தோல்வி அறிவிக்கப்பட்ட தலித், பழங்குடி மாணவர்கள் கருணை கேட்கவில்லை. நீதிமன்றம் போனார்கள், தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்துக்குப் போனார்கள். ஆணையம் அமைத்த முங்கேகர் குழு 2012இல் அங்கே சாதிப் பாகுபாடு நடந்ததைப் பதிவு செய்தது.

ஆகவே, நீக்கக் கடிதம் கைக்கு வந்த தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இது. தனியாக எழுதாதீர்கள், அதே கடிதம் வந்த மற்றவர்களைத் தேடுங்கள். விடைத்தாளைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. கூடவே இன்னொரு மனுவும் போடுங்கள்: கடந்த பத்தாண்டில் பெயர் நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், வகுப்புவாரியாக எத்தனை, மேல்முறையீட்டில் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள் வகுப்புவாரியாக எத்தனை, நீக்குவதற்கு முன் அவர்களுக்கு நிறுவனம் நடத்திய சிறப்பு வகுப்புகள் எத்தனை. மாணவர் அமைப்புகள் இதை ஒவ்வொரு வளாகத்திலும் ஜூன் மாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும், பட்டியல் ஒட்டப்பட்ட பிறகு அல்ல.