பெட்டியின் மேல் எழுதிய வாற்று

தைப்பொங்கலும் தீபாவளியும் நெருங்குங் காலத்தில் கிளிநொச்சி, வவுனியா நகர்களின் மின்சாதனக் கடைகளிலே ‘ஹோம் தியேட்டர்’ என்னும் பெயர் தாங்கிய பெட்டிகள் வாசல்வரை அடுக்கப்பட்டிருத்தலை வாசகர்கள் கண்டிருப்பர். சிறிய ஒலிபெருக்கிகள் ஐந்து. தாழ்ந்த ஒலிக்கெனப் பருத்த பெட்டி ஒன்று. இவையனைத்தையும் இயக்கும் றிசீவர் ஒன்று. புறத்தே ‘5000 வாற்று’ என்று கொட்டை எழுத்து. அவ்வெழுத்தை நம்பி, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசைக் கொட்டுவோரும் உளர். தவணைக் கடன் படுவோரும் உளர். ஒரு மாதஞ் செல்வதற்குள் அவ்வீடுகளிலிருந்து நம் காதுக்கு எட்டும் முறைப்பாடு ஒன்றே: “படத்திலே குண்டு வெடிப்பது நன்றாகக் கேட்கிறது, ஆட்கள் பேசுவதுதான் விளங்கவில்லை.”

வன்னி மண்ணில் இம்முறைப்பாட்டை எளிதாக எண்ணிவிட முடியாது. 2009 வரை மெய்யான எறிகணைகளின் ஓசையைக் கேட்டுச் சலித்த தாத்தாவும் பாட்டியும் அந்த மண்டபத்திலேதான் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது பேச்சு, வெடியன்று.

இவ்விடத்திலே பழைய செய்தியொன்றை நினைவூட்டுதல் பொருந்தும். 1990 இலிருந்து போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இல்லை. பற்றரிகளும் தட்டுப்பாடு. அக்காலத்தில் நம் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று, அவ்வளவே. அதனை டயோட்டுகள் கொண்டு நேர்மின்னாக்கி ஊட்டினால், மூன்றங்குல ஒலிபெருக்கியிலிருந்து ‘தமிழோசை’ச் செய்தி ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது, முற்றத்தில் இருபது பேர் கேட்டனர். ஒரு வாற்றுக்குங் குறைந்த வலுவிலே தெளிவாகக் கேட்ட மனிதக் குரல் 5000 வாற்றிலே கேளாமற் போவதேன்?

முதலாவது, அந்த 5000 மெய்யன்று. நமது வீட்டு மின் 230 வோல்ற்று. 5000 வாற்று எடுக்க வேண்டுமானால் 21 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். 13 அம்பியர்ச் சொருகி அதனைத் தாங்காது. பெட்டியின் புறத்தே அச்சிடப்படுவது ‘பி.எம்.பி.ஓ.’ எனப்படும் விளம்பரக் கணக்கு. றிசீவரின் முதுகுப்புறத்திலே அது எத்தனை வாற்று மின்னை உட்கொள்ளும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். உட்கொள்ளுவதற்கு மேலாக எந்த யந்திரமும் தொடர்ந்து வெளிவிட மாட்டாது. இப்புரட்டு நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதுமன்று. அமெரிக்காவிலே மத்திய வர்த்தக ஆணைக்குழு, அம்பிளிபயரின் வலுவை இன்ன முறையில் அளந்தே விளம்பரஞ் செய்தல் வேண்டும் என்று 1974 இல் விதி செய்ய நேர்ந்தது. கேட்டறிய வேண்டிய எண் ‘ஆர்.எம்.எஸ்.’ வாற்று, அதுவும் எத்தனை ஓமுக்கு என்பதோடு.

ஓம் என்பது யாது? குளத்தையும் துருசையும் அறிந்த நம்மவர்க்கு இது கடினமன்று. றிசீவர் குளம், நீர்மட்டத்தின் உயரம் வோல்ற்று, ஒலிபெருக்கி துருசு. ஓம் குறையக் குறையத் துருசின் வாய் அகலுகிறது. 8 ஓம் ஒலிபெருக்கி இழுப்பதைப் போல 4 ஓம் ஒலிபெருக்கி இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 8 ஓமுக்கென அமைந்த சிறிய றிசீவரிலே 4 ஓம் பெட்டிகளைப் பூட்டிச் சத்தத்தைக் கூட்டினால் அது சூடேறி நின்றுவிடும். மலிந்த சரக்காயின் கருகியும் விடும். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக இணைத்தாலும் 4 ஓம் ஆகிவிடும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

வாற்றைக் காட்டிலும் பயனுள்ள எண் ஒன்றுண்டு. அதனைக் கடைக்காரர் சொல்வது அரிது. ஒரு வாற்று ஊட்டினால் ஒரு மீற்றர் தூரத்திலே எத்தனை தெசிபெல் ஒலி பிறக்கும் என்னும் உணர்திறனே அது. மூன்று தெசிபெல் கூடுவதற்கு வலு இருமடங்காதல் வேண்டும். ஆகவே 84 தெசிபெல் பெட்டிக்கு 80 வாற்று தேவைப்படும் இடத்தில் 90 தெசிபெல் பெட்டிக்கு 20 வாற்றே போதும். திருவிழாவிலே பனைமரத்திற் கட்டும் குழாய் ஒலிபெருக்கி ஒரு வாற்றுக்கு 100 தெசிபெல்லையுந் தாண்டும். அதனாலன்றோ அடுத்த ஊருக்கும் நித்திரை கெடுகிறது! பன்னிரண்டடி மண்டபத்தில் அமைதியாகப் படம் பார்க்க ஒன்றிரண்டு வாற்று பெரும்பாலும் போதும். எஞ்சியது திடீர் முழக்கங்களுக்கான கையிருப்பு. ஆனால் கையிருப்பே இல்லாத றிசீவரை முடுக்குதலும் ஆபத்து. அலையின் உச்சி வெட்டுண்டு, கீச்சொலி தரும் சிறு ஒலிபெருக்கி எரிந்துபோகும்.

இனி அறை. மீள்குடியேற்றத்தின் பின் எழுந்த நம் வீடுகளிலே சீமெந்துச் சுவரும் பளிங்கு ஓடும் உண்டு, திரைச்சீலை அரிது. 1895 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்காதிருந்தது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்க ஐந்தரை வினாடி சென்றது. வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியர் இரவிரவாக வேறொரு மண்டபத்தின் மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என அளந்தார். கட்டட ஒலியியல் அங்கே பிறந்தது. நம் மண்டபத்துக்குக் கனத்த திரைச்சீலை இரண்டும், தரையில் விரித்த பாய்களும், புத்தகம் நிறைந்த அலுமாரி ஒன்றும் ஆயிரம் வாற்றினும் மேலான உதவி செய்யும்.

ஆதலால் முதலில் அறையை அளந்து, அதற்கேற்ற ஒலிபெருக்கியைத் தேர்ந்து, அதன் ஓமுக்கும் உணர்திறனுக்கும் இசைந்த றிசீவரை இறுதியில் வாங்குதலே முறை. நம்மவர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். சாதகப் பொருத்தம் பாராமல் மாப்பிள்ளையின் சம்பளத்தை மாத்திரங் கேட்பது போன்றது இது! பணம் மட்டாயின் ஐந்து மலிந்த பெட்டிகளிலும் இரண்டு நல்ல பெட்டிகள் மேல். ஐந்தே வேண்டுவோர் நடு ஒலிபெருக்கியிற் சிக்கனம் பாராதிருக்க. திரைப்படத்திலே பேச்சின் பெரும்பகுதி அதன் வழியேதான் வருகிறது. அது இடம் வலம் இரண்டோடும் ஒரே தயாரிப்பாக இருப்பின் குரல் திரையின் ஓரத்திற்கு ஓரம் மாறித் தோன்றாது. கடையிற் சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுவர். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று கேட்க.

வீட்டில் பூட்டும்போது சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டி மாறிவிட்டாலும் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஐயமிருப்பின் றிசீவரிலிருந்து கம்பியைக் கழற்றி, ஒன்றரை வோல்ற்றுப் பற்றரியின் நேர்முனையைச் சிவப்புக் கம்பியிலும் மற்றதைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுக. பெரிய ஒலிபெருக்கியின் கூம்பு வெளியே தள்ளினால் இணைப்புச் சரி. உள்ளே போனால் மாற்றிப் பூட்டுக.