பத்தியமும் பந்தியும்



பாஸ்கு காலத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலிக்கு முன் சக்ரீஸ்து வாசலில் ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். முந்திய ஆண்டில்தான் புதுநன்மை வாங்கியவள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அருகில் அழைத்து என்னவென்று கேட்டேன்.

“சாமி, அப்பத்தில் கோதுமை இருக்கிறதாமே? கோதுமையைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் நன்மை வாங்கலாமா?” என்றாள்.

விளையாட்டுக் கேள்வியன்று, குழந்தையின் கண்கள் கலங்கியிருந்தன. “வாங்கலாம் அம்மா. அப்பாவிடம் நான் பேசுகிறேன்” என்று அனுப்பிவைத்தேன். ஆயினும் அன்று முழுவதும் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. மாலையில் அவ்வீட்டுக்குச் சென்றேன்.

குடும்பத் தலைவர் நம் அத்திப்பட்டில் இரவுமுறை வேலைக்குச் செல்பவர். நேரங்கெட்ட நேரத்துத் தேநீரும் பஜ்ஜியுமாக அவருடைய உடல் பருத்தது. வயிறு ஓயாமல் உப்பியது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஓர் உணவுமுறையைச் சொல்லிக்கொடுத்தார். 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்ட்விக் என்னும் தம்பதியர் வகுத்த முறை அது. சர்க்கரை, தானியம், பருப்பு, பால், மது ஆகிய அனைத்தையும் முப்பது நாள் அறவே நீக்கி, காய், கனி, முட்டை, மீன், இறைச்சி முதலியவற்றை மட்டும் உண்ண வேண்டும். தமிழகத்தில் ‘பேலியோ’ என்று பரவியிருப்பதும் ஏறக்குறைய இதற்கு உறவுள்ளதே. தாம் மட்டும் செய்தால் மனம் தளரும் என்றெண்ணி, வீடு முழுவதற்கும் இதனைச் சட்டமாக்கிவிட்டார்.

நம் வீடுகளில் இவற்றை நீக்கினால் மிஞ்சுவது என்ன? இட்லி போயிற்று, சாம்பார் போயிற்று, மோரும் போயிற்று. நியாயவிலைக் கடை அரிசி டின்னில் உறங்க, கறிகாய்க்கும் முட்டைக்கும் மீனுக்கும் பணம் கரைந்தது. நான் சென்றது பன்னிரண்டாம் நாள். வீட்டுப் பெரியம்மா, எழுபதைக் கடந்தவர், கொல்லைப்புறத்தில் அடுத்த வீட்டார் கொடுத்த கஞ்சியை மறைவாகக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிண்ணத்தை முந்தானையால் மூடினார். அந்தக் காட்சி என் நெஞ்சைச் சுட்டது.

“மூன்று வேளையும் காய் அரிந்துகொண்டே இருக்கிறேன், சாமி. மாதப் பணம் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. தொடங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?” என்றார் இல்லத்தரசி.

“குடும்ப நன்மைக்குத்தானே செய்தேன்” என்றார் கணவர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. வயிற்று உப்புசம் குறைந்து, நன்றாக உறங்கத் தொடங்கியிருந்தார்.

அன்பர்களே, உணவை நீக்கிப் பார்ப்பது மூடத்தனமன்று. 1920-களில் ஆல்பர்ட் ரோ என்னும் அமெரிக்க மருத்துவர் ஒவ்வாமை நோயாளிகளுக்கென்று இத்தகைய முறையை வகுத்தார். ஐயத்துக்குரிய உணவுகளைச் சில வாரங்கள் நீக்குவது முதற்பாதி. பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது தொல்லை தருகிறது என்று கண்டறிவது மறுபாதி. பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மறுபாதி இல்லையேல் முதற்பாதியால் அறிந்துகொள்வது மிகச் சிறிதே. வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், முதியோர், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது. மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடும்.

நம் பாட்டிமார் பத்தியம் அறியாதவர்களா? பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு வடித்தார்கள். நோயாளிக்கு உப்பும் புளியும் குறைத்தார்கள். ஆனால் ஒருவருக்குரிய பத்தியத்தை வீட்டார் அனைவர் தலையிலும் ஏற்றவில்லை. நம் தாய்த் திருச்சபையும் அப்படியே. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கே கடமை. ஒருசந்தியோ பதினெட்டு வயது முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரைதான். பெரிய வெள்ளியன்றுகூடத் திருச்சபை பசியிருக்கச் சொல்லாத பாட்டியையும் பேத்தியையும் நாம் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பசியிருக்கச் சொல்லலாமா?

தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தை நினைவுகூருங்கள். அரசனுடைய உணவை விலக்கிக் காய்கறியும் தண்ணீரும் உண்ண விரும்பிய தானியேல், அதை யார்மீதும் திணிக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் பணிவோடு வேண்டினார். பத்து நாள் என்று கெடு வைத்தார். முடிவில் முகத்தைப் பார்த்து நீரே தீர்மானியும் என்று தீர்ப்பையும் அவரிடமே விட்டார்.

நமக்கு அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே காலன்பாக் என்னும் நண்பர் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் இருந்தனர். ஒரே சமையல், அதுவும் சைவச் சமையல் நடத்தவே காந்தியடிகள் விரும்பினார். ஆயினும் புலால் உண்டு பழகியவர்கள் கேட்டால் மறுக்கத் தமக்கு உரிமையில்லை என்று உணர்ந்தார். ஆகவே அந்தப் பெண்களிடமே சென்று, தம் மனத்தைத் திறந்து சொல்லி, அவர்களுடைய இசைவைக் கேட்டார். அவர்கள் அன்போடு இசைந்த பின்னரே சைவச் சமையல் நடந்தது. தலைவராயிருந்தவர் கட்டளையிடவில்லை, கேட்டார்.

கேளாமல் எடுத்துக்கொள்வது இழப்பாகும், நோன்பாகாது. இதனை நம் பகுதி மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோது, அந்நீரையே நம்பிய குடும்பங்களின் தொழிலும் முடங்கியது. சட்டியில் மீனும் இல்லாமற்போயிற்று. அதைத் தவம் என்று எவரும் சொல்லத் துணியார்.

இவற்றையெல்லாம் அன்று அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சிறுமியின் கேள்வியைச் சொன்னபோது அவர் தலை குனிந்தார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்குச் சிறு துண்டு அப்பமும் தீங்கு செய்யலாம். அவர்களுக்கென்று குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தையோ, திராட்சை இரச வடிவில் மட்டும் நன்மை வாங்குவதையோ திருச்சபை அனுமதிக்கிறது. குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது என்பதை 2003-லும் 2017-லும் உரோமைப் பேராயங்கள் தெளிவுபடுத்தியுள்ளன. மெய்யான நோயாளிக்கு இவ்வளவு பரிவோடு வழிசெய்யும் திருச்சபையின் பிள்ளை, நோயே இல்லாமல் நற்கருணையைக் கண்டு அஞ்சி நின்றாள். நலத்துக்காக வந்த விதி, குழந்தையின் மனத்தில் ஆண்டவரின் பந்திக்கே வேலியாகிவிட்டது.

அன்றிரவு அவர்கள் எல்லாரும் கூடி அமர்ந்தார்கள். முதன்முறையாக ஒவ்வொருவரையும் கேட்டார்கள். பெரியம்மாவும் சிறுமியும் சோற்றுக்குத் திரும்பினார்கள். “அப்பாவோடு நானும் இருக்கிறேன்” என்று பதினெட்டு வயது மகன் தானாக முன்வந்தான். தாய் சர்க்கரையை மட்டும் விட்டார். தந்தை வேலைக்குப் புறப்படுமுன் காய் அரிந்து கொடுக்க ஒப்புக்கொண்டார்; மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவந்தார்.

முப்பது நாள் முடிந்தபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சோறும் பருப்பும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. பால் சேர்த்த நாளில்தான் வயிறு மீண்டும் உப்பியது. இப்போது பாலில்லாத் தேநீர் குடிக்கிறார். பஜ்ஜிக்குச் செலவான காசை வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் போடுகிறார்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய முயற்சி தொடங்குவதாயின், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பின்பு சமைப்பவரைக் கேளுங்கள். என்று முடியும் என்பதையும் முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பத்தியம் இருந்தாலும், எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, ஒன்றாகச் செபித்து உண்ணுங்கள். தட்டில் இருப்பது வெவ்வேறாக இருந்தாலும் பந்தி ஒன்றாக இருக்கட்டும்.

அச்சிறுமி இப்போது நன்மை வரிசையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

ஆண்டவர் உங்கள் அடுப்பையும் பந்தியையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள பங்குத்தந்தை