கோர்ஸ் பெயர் கேட்டேன், நாட்டின் பெயர் சொன்னார்கள்

மாண்புமிகு அயலகத் தமிழர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக்கடன் மேசையில் 11 ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். மனுவோடு வரும் அப்பாக்களிடம் முதலில் கேட்பது, “பையன் என்ன படிக்கப் போறான்?” என்பதைத்தான். “கனடா சார்” என்பார்கள். மறுபடி கேட்டால் பையனைப் பார்ப்பார்கள். பையன் போனைத் தடவி, கன்சல்டன்சி அனுப்பிய ஆஃபர் லெட்டரில் கோர்ஸ் பெயரைத் தேடுவான். “ரெண்டு வருஷ டிப்ளமா. முடிச்சா ஒர்க் பர்மிட், அப்புறம் பி.ஆர்., அங்கேயே தங்கிடலாம்.” லால்குடிக்காரரும் துறையூர்க்காரரும் இதை எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள்.

ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் சொத்து ஈடு வேண்டும். மஞ்சள் பையிலிருந்து தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வரும். நிலத்தின் வில்லங்கத்தை 30 ஆண்டுக்குப் பின்னோக்கிப் பார்த்தேன். படிப்பின் வில்லங்கத்தைப் பார்க்கவில்லை.

அது இதுதான். 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்து, கனடாவில் காலேஜ் டிப்ளமா படிப்பவருக்கு, அவருடைய பாடம் அந்த அரசின் பட்டியலில் இருந்தால்தான் பிறகு ஒர்க் பர்மிட். பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை படிப்பவருக்கு இந்தப் பட்டியல் கிடையாது. பட்டியலாவது நிலையாக நின்றதா? 2025 ஜூன் கடைசியில் 178 பாடங்களை எடுத்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் திரும்பச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கதை பழசு. சமையலும் முடிதிருத்தமும் ‘தேவைத் தொழில்’ பட்டியலில் இருந்ததால், பி.ஆருக்காகவே கரண்டியும் கத்தரியும் பிடிக்கக் கற்றவர்கள் ஏராளம். 2010 பிப்ரவரியில் பட்டியலையே ரத்து செய்துவிட்டார்கள். பிரிட்டன், படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012இல் மூடி 2021இல் திறந்தது.

அவர்கள் வீடு, அவர்கள் கதவு. அதில் எனக்கு வழக்கில்லை. இங்கே சாவி விற்கிறவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். படிக்க அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பஞ்சாப் தனிச் சட்டம் போட்டு, கல்வி ஆலோசகரையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. நம்மூரில் டீக்கடைக்கே பதிவு வேண்டும். ‘ஆலோசனை இலவசம்’ என்று போர்டு மாட்டியவருக்குக் கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் அந்த வெளிநாட்டுக் கல்லூரிதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் பெற்றோருக்கு அது தெரியாது.

பஞ்சாபைப் போல ஒரு சட்டம் இங்கும் வேண்டும். அதுவரை தமிழில் ஒரே ஒரு தாள்: இந்தப் பாடத்துக்கு இன்றைய தேதியில் ஒர்க் பர்மிட் உண்டா, எந்தக் கல்லூரி எவ்வளவு கமிஷன் தருகிறது என்று எழுதி, ஆலோசகர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். அது இல்லாத கடன் மனுவை வாங்காதீர்கள் என்று வங்கியாளர் குழுக் கூட்டத்தில் அரசு சொல்லலாம்.

மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவருக்கு நான் கையெழுத்துப் போட்ட கடன், ஒரு பிசினஸ் டிப்ளமாவுக்கு. அந்தப் பாடம் பட்டியலில் இல்லை என்று பையனுக்கு இரண்டாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் இன்றும் என்னைக் கண்டால் “நல்லாருக்கீங்களா சார்” என்று கும்பிடுகிறார். பஸ் வராவிட்டாலும் நான் நகர்ந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், திருச்சி