'திட்டமே வேண்டாம்' என்பவர்களின் பாஸ்போர்ட்

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி 1963-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், தன்னந்தனியாகச் சைக்கிளில் இந்தியாவுக்குக் கிளம்பினார். சைக்கிளுக்கு ரோஸ் என்று பெயர். கரடுமுரடான ஆசியச் சாலைகளை கியர் தாங்காது என்று அதைக் கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவைத்தார். கையில் ஒரு சிறு துப்பாக்கியும் இருந்தது. யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது அது உதவியது. கோடையில் டெல்லி வந்து சேர்ந்தார். பத்தாண்டு கழித்து ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு குடகுக்கும் வந்து தங்கினார். வெளிநாட்டவர் எங்கே குவிகிறார்கள் என்று வழிகாட்டி நூலில் பார்த்துவிட்டு அதற்கு எதிர்த்திசையில் போங்கள் என்பது புதியவர்களுக்கு அவர் சொன்ன யோசனை. அளவுக்கு மீறித் திட்டமிடாதீர்கள் என்பது இன்னொன்று.

1972-இல் டோனி வீலரும் மனைவி மொரீனும் 65 பவுண்டுக்கு ஒரு பழைய வேன் வாங்கி லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். காபூலில் வண்டியை விற்றுவிட்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் கடைசியில் படகிலுமாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். சிட்னியை அடைந்தபோது கையிருப்பு 27 சென்ட். எப்படிப் போனீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல் 1973-இல் வெளியிட்ட சிறு நூல்தான் 'லோன்லி பிளானட்' என்ற பயண வழிகாட்டி நூல் நிறுவனத்தின் தொடக்கம்.

இவை கேட்கக் கேட்கச் சுவையான கதைகள். ஆனால் கையில் 27 சென்ட் வைத்திருக்கும் இந்தியரை எந்த நாட்டுக் குடிவரவு அதிகாரி உள்ளே விடுவார்? திட்டமில்லாமல் ஊர் சுற்றும் சுகத்தில் பாதி, சட்டைப்பையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பொறுத்தது. மேற்கத்திய அனுபவசாலிகளின் அறிவுரையை அப்படியே தமிழாக்கிக் கடைப்பிடிப்பவர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஐரோப்பா போக ஷெங்கன் விசா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், போகவர விமானப் பதிவு, ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவார் என்பதற்கான சான்று, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இவற்றோடு 90 யூரோ கட்டணம். எந்த ஊரில் மனம் நிற்கிறதோ அங்கே தங்கிக்கொள்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. எனவே இந்தியப் பயணியின் முதல் திறமை காகிதத்தில் இருக்கிறது. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்வது, விண்ணப்பத்தில் சொன்ன நாட்டில்தான் அதிக நாள் தங்குவது, குறித்த தேதிக்குள் திரும்பிவிடுவது. இதில் ஒழுங்காக இருப்பவருக்குப் பலன் உண்டு. மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு, பலமுறை சென்றுவரக்கூடிய ஈராண்டு விசா கிடைக்க 2024 ஏப்ரலில் வழி பிறந்திருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. துருக்கிக்கு இணையத்திலேயே வாங்கிவிடலாம். ஒரு விசாவைக் கொண்டு இன்னொரு கதவைத் திறக்கும் இந்த வித்தையை மர்ஃபியோ வீலரோ சொல்லித்தர முடியாது. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

மற்ற யோசனைகள் எல்லாருக்கும் பொது. தூக்கிக்கொண்டு படியேற முடியாத பெட்டி வேண்டாம் என்று ஐரோப்பியப் பயண எழுத்தாளர் ரிக் ஸ்டீவ்ஸ் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் ஒரே பை போதும் என்பது அவர் கட்சி. ஊறுகாய் பாட்டிலும் ரெடிமேட் உப்புமாவும் அடைத்த 23 கிலோ பெட்டியோடு, லிஃப்ட் இல்லாத பாரிஸ் விடுதியின் நாலாவது மாடிக்கு ஏறியவர்களுக்கு அவர் சொல்வது நன்றாகவே புரியும்.

சாப்பாட்டுக் கவலை நியாயமானதுதான். ஜப்பானில் காய்கறி சூப் என்று வருவதிலும் அடியில் உலர்மீன் சாறு இருக்கும். தாய்லாந்தில் இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சி மட்டும் போகும், மீன் சாஸ் தங்கிவிடும். அங்கே மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய்லாந்து மொழியில் எழுதிய கடைகளைத் தேடினால் சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். அந்தச் சாப்பாட்டில் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது.

ஏமாற்றுக்காரர்களின் நாடகம் ஊருக்கு ஊர் அச்சடித்தாற்போல நடக்கிறது. பாங்காக் அரண்மனையை நெருங்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் பணிவாக வந்து "இன்று விசேஷ நாள், அரண்மனை மூடியிருக்கிறது" என்பார். நல்லவேளையாக இன்றைக்கு மட்டும் டுக்-டுக் வாடகை வெறும் 20 பாட் என்பார். வண்டி நிற்குமிடம் ரத்தினக் கடை. அரண்மனையோ திறந்தே இருக்கும். இஸ்தான்புல்லில் ஷூ பாலிஷ் போடுபவர் நமக்கு முன்னே நடந்துபோவார். அவர் பிரஷ் கீழே விழும். எடுத்துக்கொடுத்தால் நன்றிக்கடனாகக் காலைப் பிடித்து இலவசமாக பாலிஷ் போடத் தொடங்குவார். முடிந்ததும் பிள்ளைகளின் கஷ்டம், பிறகு பணம். இரண்டிலும் ஏமாற்றுபவர்தான் நம்மைத் தேடி வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வழி தெரியாதபோது நாமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் ஆள் அநேகமாக நல்லவராகவே இருப்பார். ஊர் ஊராகச் சுற்றியவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் நம்புகிறார்கள்.

பணவிஷயத்தில் ஒன்று மட்டும். கார்டு மெஷின் ரூபாயா, அந்நாட்டுப் பணமா என்று கேட்டால் அந்நாட்டுப் பணத்தையே அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால், பரிவாகக் கேட்ட அந்த மெஷினே மாற்று விகிதத்தில் கைவைத்துவிடும்.

முதல்முறை போகும் வயதான பெற்றோருக்கு 'பத்து நாளில் ஏழு நாடு' பேக்கேஜ் வசதிதான். அதைக் கிண்டல் செய்வது சுலபம், மாற்று சொல்வது கடினம். ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்கள் தனியாகக் கிளம்பும்போது அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் விசித்திரம். அவர்கள் பார்க்க வேண்டியது கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை. காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற ஒரே வேலையோடு 1937-லிருந்து சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, கண்டம் கண்டமாகப் படச்சுருள் சேகரித்தார். 1940-இல் படம் வெளிவந்தது. தேடிப்போக ஒரு காரியம் இருந்ததால் எந்த ஊரிலும் அவருக்கு விசாரிக்க ஆளும் தட்டக் கதவும் இருந்தன.

காரியம் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சோழர் காலச் செப்புச் சிலைகளில் ஆர்வமுள்ள ஒருவர் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்திலும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள நடராசர்களைப் பார்க்க மட்டுமே ஒரு வாரம் ஒதுக்கலாம். இரண்டு நகரம், நடுவே ஒரு ரயில். பேக்கேஜ் நிரலில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிடைப்பது பெரும்பாலும் படகுச் சவாரியும் மதியச் சாப்பாடும்தான்.