கல்லாவில் இருப்பவரிடம் கேட்டீர்களா?

கொளுத்தும் வெயிலில் கடைக்குள் வருபவர், ஃபிரிட்ஜில் சில்லென்று இருக்கும் பாட்டிலைத்தான் எடுப்பார். அதே கோலா வெளியே தட்டில் சூடாக இருந்தால் கை அவ்வளவு எளிதில் நீளாது. கல்லாவில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரிந்த விஷயம் இது. மக்கள் உண்ணும் சர்க்கரையைக் குறைக்க வழிதேடும் ஆய்வாளர்கள், இந்த அனுபவ அறிவைத் தேடிக் கடைக்காரரிடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கு ஆஸ்திரேலியாவில் நல்ல சான்று இருக்கிறது.

டார்வின் நகருக்குக் கிழக்கே பரந்துகிடக்கும் ஆர்னெம் லேண்ட், பழங்குடி மக்களின் நிலம். பல ஊர்களில் ஒரே ஒரு மளிகைக் கடைதான். சரக்கு கடல்வழியே படகில் வர வேண்டும்; மழைக்காலத்தில் சாலைகள் துண்டிக்கப்பட்டுவிடும். காய்கறி வந்து சேர்வதற்குள் வாடிவிடும், விலையும் எகிறும். கோலாவும் பிஸ்கட்டும் எத்தனை நாள் கிடந்தாலும் கெடுவதில்லை. நீரிழிவும் சிறுநீரக நோயும் இம்மக்களை வாட்டுவதற்கு இந்தக் கடைத் தட்டும் ஒரு காரணம்.

1972-ல் தொடங்கப்பட்ட ‘அல்பா’ என்கிற நிறுவனம் இங்கே பல கடைகளை நடத்துகிறது. ஆர்னெம் லேண்ட் பழங்குடியினரே அதன் உரிமையாளர்கள். பழம், காய்கறிக்கான சரக்குக் கட்டணத்துக்குத் தன் கையிலிருந்து மானியம் தரும் வழக்கமும் அதற்கு உண்டு.

ஆய்வாளர்கள் முதலில் கையில் எடுத்தது விலையை. 20 ஊர்களின் கடைகளில் பழம், காய்கறி, தண்ணீர் பாட்டில் போன்றவற்றுக்கு 20% தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். பழமும் காய்கறியும் 12.7% கூடுதலாக விற்றன. 2017-ல் வெளியான அந்த ஆய்வு, உணவு சார்ந்த நோய்களைத் தடுக்க இது ஓரளவுக்கே உதவும் என்று முடித்தது. தள்ளுபடிக்கான பணத்தை எவ்வளவு காலத்துக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே நின்றது.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. ஜூலி பிரிம்பிள்கோம் தலைமையிலான ஆய்வுக்குழு, அல்பாவுடன் சேர்ந்தே சோதனையை வடிவமைத்தது. 2018-ல் 20 கடைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் 12 வாரங்களுக்கு மாற்றங்கள் செய்தார்கள். சர்க்கரை மிகுந்த பண்டங்களுக்கு விளம்பரமும் சலுகையும் இல்லை. அவை கண்ணில் படும் இடங்களிலிருந்து விலக்கப்பட்டன, தட்டில் அவற்றுக்கான இடமும் சுருங்கியது. 600 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட குளிர்பான பாட்டில்கள் ஃபிரிட்ஜை விட்டு வெளியேறின. 600 மில்லி லிட்டர் கோலாவிலேயே 60 கிராமுக்கு மேல், அதாவது 15 தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. பெரிய பாட்டிலில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எதையும் தடை செய்யவில்லை. வேண்டும் என்றவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

மாற்றம் செய்யாத கடைகளோடு ஒப்பிட்டபோது, மக்கள் வாங்கிய உணவில் சர்க்கரையின் அளவு 2.8% குறைந்திருந்தது. கடைகளின் மொத்த லாபம் அடிபடவில்லை. 2.8% என்பது அற்பமாகத் தோன்றலாம். யாருக்கும் உபதேசம் செய்யாமல், யார் பையிலிருந்தும் கூடுதலாக ஒரு காசு எடுக்காமல், மூன்றே மாதத்தில் ஊர் முழுக்க நிகழ்ந்த மாற்றம் இது. என் பார்வையில், லாபம் குறையவில்லை என்ற இரண்டாவது முடிவுதான் பெரிய செய்தி. சுகாதாரத் துறை என்ன சொன்னாலும் ‘வியாபாரம் படுத்துவிடும்’ என்று வரும் பதிலுக்கு, கடையின் சொந்த விற்பனைக் கணக்கே மறுப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கைத் திறந்து காட்டியது அல்பா. பொருளை எங்கே வைத்தால் நகரும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். நகர்ந்ததற்குக் காரணம் அந்த மாற்றம்தானா, பருவமா, பண்டிகையா என்று பிரித்துக் காட்ட ஆய்வாளர் வேண்டும்.

இங்கிலாந்திலும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஐஸ்லாந்து’ என்னும் அங்காடி நிறுவனத்துடன் சேர்ந்து, காய், பழங்களை வாசலருகே கொண்டுவந்தார்கள். பில் போடும் இடத்திலிருந்து மிட்டாய்களை அகற்றினார்கள். மாற்றம் செய்த மூன்று கடைகளில் காய், பழ விற்பனை கூடியது, மிட்டாய் விற்பனை குறைந்தது. 2021-ல் இதன் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டு அக்டோபரில், பெரிய கடைகளின் வாசலிலும் பில் கவுன்ட்டர் அருகிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை வைக்க இங்கிலாந்து அரசு சட்டப்படி தடை விதித்தது.

வணிகர்களோடு ஆய்வாளர்கள் நெருங்குவதில் ஆபத்தும் இருக்கிறது. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை வணிகர்களின் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்கான பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் திருப்பும் கட்டுரையை எழுதவைத்தது. 1967-ல் வந்த அந்தக் கட்டுரையின் பின்னணி 2016-ல்தான் அம்பலமானது. ஆஸ்திரேலியச் சோதனைக்குப் பணம் வந்தது அரசின் மருத்துவ ஆய்வு மன்றத்திடமிருந்து. கடையின் உரிமையாளர்களோ, அந்தக் கடைச் சாப்பாட்டைத் தாங்களும் உண்ணும் மக்கள். நம்பிக்கை ஏற்பட்டது இந்த இரண்டினாலும்தான்.

எனவே, மக்கள் பணத்தில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்தும் நிறுவனங்கள் கடைக்காரரிடம் விற்பனைக் கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே அவருக்கு நாற்காலி போட வேண்டும். முடிவு அவருக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமையை அதே கூட்டத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.