சிற்றாற்று மீனை யார் தின்கிறார்கள்?

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் மீன் குறைந்தால், நம்மவர்கள் முதலில் பழிப்பது நீர்க்காகத்தையும் நீர்நாயையும்தான். இது அநியாயம். காலங்காலமாக இவை தின்றும் மீன் இருந்தது. பொடிக்கண்ணி வலையும் தோட்டாவும் விஷமும் வந்த பிறகுதான் மீன் தீர்கிறது.

இரைகொல்லிகளால் கேடே இல்லை என்றும் சொல்ல முடியாது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் காட் மீனை மனிதர்கள் அள்ளித் தீர்த்தார்கள். 1993-ல் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. ஆனாலும் அந்த மீன் மீளவில்லை. எஞ்சிய சிறு கூட்டத்துக்கு, பெருகிவிட்ட சாம்பல்நிறக் கடல்நாய்களின் பசியே தாங்க முடியாத சுமையாகிவிட்டது. கூட்டம் பெரிதாக இருந்தபோது பொறுத்துக்கொண்ட இழப்பு அது.

நம் நீர்நிலைகளுக்கான ஆபத்தோ நாமே கொண்டுவந்தது: ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். பண்ணைக் குட்டையிலிருந்து வெள்ளத்தில் தப்பினால், அகப்பட்ட நாட்டு மீனையும் குஞ்சையும் விழுங்கிவிடும். தாமிரபரணிக்கே உரிய கெண்டை இனங்கள் ஏற்கெனவே அருகிவரும் நிலையில், இந்தச் சுமையும் சேரலாமா? மீன்வளத் துறை அந்தக் குட்டைகளைத் தேடி அழிக்க வேண்டும். முட்டையிடும் பருவத்திலாவது சிற்றாற்றில் வலை வீசாதிருப்போம்.