தப்பு ஆளிடமா, திரையிடமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன பையன்களிடம் 'போக்கா-யோக்கே' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று சொல்வார்கள். ஜப்பானியச் சொல். பாகத்தைத் தப்பாக மாட்டவே முடியாதபடி ஜிக்கை அமைப்பது. ஒரு பின் கூடுதலாக இருந்தால் போதும், தலைகீழாக வைத்த பாகம் உள்ளே உட்காராது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பெயருக்கு ஒரு முன்கதை உண்டு. 1960களில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் இந்த முறையைப் பரப்பியபோது அதன் பெயர் 'பாக்கா-யோக்கே'. பாக்கா என்றால் முட்டாள். தன்னை முட்டாள் என்கிறார்களே என்று ஒரு பெண் தொழிலாளி மனம் உடைந்து அழ, ஷிங்கோ பெயரையே மாற்றினார். போக்கா என்றால் யாருக்கும் வரக்கூடிய கைப்பிசகு. முதல் எழுத்து மட்டும்தான் மாறியது. ஆனால் பழி ஆளை விட்டு அமைப்பின் மேல் போனது.

இன்று யூசர் எக்ஸ்பீரியன்ஸ், மனித மைய வடிவமைப்பு என்றெல்லாம் பெரிய பெயர்களில் சொல்லப்படுவதன் சாரமும் இதுதான். அப்படியானால் அந்தத் துறையில் போக நினைக்கும் மாணவர்கள் ஏன் ஓ.எம்.ஆரை மட்டுமே பார்க்கிறார்கள்? ஷாப்பிங் ஆப்பில் பட்டன் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லைனில் நிற்கும் ஆபரேட்டரின் திரையைப் பற்றி யோசிக்க எத்தனை பேர்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் உருளத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் வந்தது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. கம்பெனிகள் வரும், போகும். ஆட்களும் அப்படித்தான். கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், டிரெய்னி என்று வருகிறவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி சில நாட்கள். பலருக்குத் தமிழே புதிது. அடுத்த கம்பெனியில் வேறு திரை, வேறு சுருக்கெழுத்துகள். மறுபடியும் ஆனா ஆவன்னா.

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதை யாரும் எண்ணுவதில்லை. டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள். மூளை பல விதம், அதில் ஒன்று மட்டுமே சரி என்பதில்லை என்ற கருத்துக்கு 1990களின் இறுதியில் 'நியூரோடைவர்சிட்டி' என்று பெயர் வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கிடைக்கும், பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைக்கும். கிராமத்துப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. முடித்தவனுக்குக் கிடைப்பது 'மக்கு' என்ற பட்டம். லைனுக்கு வந்ததும் அதுவே 'கவனம் போதாது' என்று சூப்பர்வைசர் வாயில் மாறுகிறது. பாக்கா-யோக்கே திரும்பி வந்துவிட்டது பாருங்கள்!

ஓர் ஆபரேட்டரைக் கற்பனை செய்யுங்கள். 12 இலக்கப் பாக எண். 6-ம் 9-ம் அவருக்கு இடம் மாறித் தெரிகின்றன. திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏழு வரி. நடுவே யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரியாது. மேலே விளக்கு மின்னுகிறது, பஸ்ஸர் அலறுகிறது. ஒரு பாகம் மாறிப் போனால் ரீவொர்க். இரண்டு முறை போனால் மெமோ. கான்ட்ராக்ட் ஆள் என்றால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஒரு குடும்பத்தின் சம்பளம் ஒரு மோசமான திரையால் போகும்.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். எண்ணோடு படம். ஒரு நேரத்தில் ஒரு படி. விட்ட இடத்தைத் திரையே நினைவு வைத்துக்கொள்வது. ஒரு நிறத்துக்கு ஒரே அர்த்தம். இடம் மாற்றப் போவதை முன்கூட்டியே சொல்வது. இவற்றால் டிஸ்லெக்சியா இல்லாதவருக்கும் லாபம்தான். நைட் ஷிஃப்டில் விடிகாலை 4 மணிக்கு எல்லார் மூளையும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

தமிழ்நாட்டில் இப்படிச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேசும் 'ஆவாஸ்' கருவியைச் சென்னையில் உருவாக்கினார். வித்யா சாகர் போன்ற இடத்தின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து உருவான கருவி அது. ஏ.சி. அறையில் ஊகித்துச் செய்ததல்ல.

வெளிநாட்டில் எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் 'அவர்களுக்கு அபூர்வத் திறமை உண்டு, அதனால் எடுங்கள்' என்று சிலர் செய்யும் பிரசாரம் சரியல்ல. அபூர்வத் திறமை இல்லாத சாதாரண ஆட்டிசக்காரருக்கும் வேலை வேண்டாமா? மற்றவர்களிடம் யாரும் அபூர்வத் திறமை கேட்பதில்லையே.

சரி, இதெல்லாம் சோறு போடுமா என்பது நியாயமான கேள்வி. 'நியூரோடைவர்சிட்டி டிசைனர் தேவை' என்று ஒரகடத்தில் விளம்பரம் வராது. வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: எச்.எம்.ஐ. திரை வடிவமைப்பு, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், பயிற்சிப் பாடம் தயாரித்தல், பாதுகாப்புத் துறை, வாகன டேஷ்போர்டு. சட்டமும் சாதகமாகவே இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவாற்றல், கற்றல் சிரமம் உள்ளவர்களுக்கான வழிகாட்டியை டபிள்யூ3சி 2021-ல் வெளியிட்டது. இணையத்தில் இலவசம். படிக்கத்தான் ஆள் வேண்டும்.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் கண்டிகையில் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். இருக்கிறது. அதன் பெயரிலேயே டிசைனும் உற்பத்தியும் சேர்ந்து நிற்கின்றன. படிப்பில் இரண்டும் அப்படிச் சேர எந்தக் கல்லூரி மாணவரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்டர்ன்ஷிப் போகும்போது பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், ஓர் ஆபரேட்டர் பக்கத்தில் நிற்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறார், திரைக்குப் பக்கத்தில் பேனாவால் என்ன எழுதி ஒட்டியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒட்டிய சீட்டு ஒவ்வொன்றும் அந்தத் திரை தோற்ற இடம். பிறகு மாற்றிய வடிவத்தை அவரிடமே காட்டி, அவர் வேண்டாம் என்றால் கிழித்துப் போட வேண்டும்.

போர்ட்ஃபோலியோவில் பத்து அழகான ஆப் படங்களைவிட, ஒரு மெமோவைத் தவிர்த்த ஒரு திரை கனமானது. தப்பு செய்தவன் யார் என்று கேட்பது சூப்பர்வைசரின் பழக்கம். தப்பு எங்கே இடம் பிடித்தது என்று கேட்பவர்தான் டிசைனர்.